வில்வேட்டை அனுபவமும் அதன் மொழியும்: சாக்ஸ்டன் போப்பின் நூலை முன்வைத்து ஒரு திறனாய்வு

1. முன்னுரை

தொழில் சார்ந்த அறிவை எழுத்தில் வடிக்கும் நூல்களை மொழியியலார் பெரும்பாலும் கலைச்சொல் திரட்டுவதற்கு மட்டுமே பயன்படுத்துகின்றனர். அந்நூல்களின் நடை, அவற்றில் வினைகள் அமைந்துள்ள முறை, சொல்லப்பட்டவற்றுக்கும் சொல்லாது விடப்பட்டவற்றுக்கும் இடையேயுள்ள உறவு ஆகியன திறனாய்வுக்கு உரியனவாகக் கருதப்படுவதில்லை. உழவு, நெசவு, மீன்பிடிப்பு, வேட்டை முதலியவற்றைப் பற்றிய நூல்களை மொழிபெயர்ப்போர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடுகளுள் பல இப்புறக்கணிப்பால் விளைந்தவை எனலாம்.

அமெரிக்க அறுவை மருத்துவர் சாக்ஸ்டன் போப் 1923இல் வெளியிட்ட 'ஹண்டிங் வித் த போ அண்ட் ஆரோ' என்னும் நூல் இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. (இவர் திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலமாக்கிய ஜி.யு. போப் அல்லர்.) வில்லும் அம்பும் கொண்டு மான் முதலிய விலங்குகளை வேட்டையாடும் முறையைக் கலிபோர்னியாவின் யாஹி குடியைச் சேர்ந்த இஷி என்பவரிடம் நேரில் கற்ற ஒருவரின் பதிவு இது. ஆசிரியருக்கும் மாணவருக்கும் பொதுவான மொழி மிகச் சிறிதளவே இருந்தது. ஆயினும் கற்றல் நிகழ்ந்தது. அவ்வாறு மொழியின் துணை குறைவாகப் பெற்ற அனுபவம் பின்னர் முழுதும் மொழியாலான ஒரு நூலாயிற்று. இம்மாற்றத்தில் எது நிலைத்தது, எது நழுவியது என்பதே இக்கட்டுரையின் வினா. போப்பின் நூல் வெற்றிகளைச் சொல்லும் இடங்களைக் காட்டிலும் தோல்வியைச் சொல்லும் இடத்தில்தான் அனுபவத்துக்கு மிக நெருங்கி நிற்கிறது என்பதும், அந்த இடத்தை அடையாளம் காணும் மொழிபெயர்ப்பாளரே நூலைச் சரிவரப் பெயர்க்க இயலும் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

2. நூலின் பின்னணி

யாஹி என்பது யானா மொழியின் கிளைகளுள் ஒன்று. அதைப் பேசிய மக்களின் பெயரும் அதுவே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தங்கம் தேடியும் நிலம் தேடியும் வந்த குடியேறிகளின் தாக்குதல்களால் இம்மக்கள் ஏறத்தாழ முற்றிலும் அழிக்கப்பட்டனர். எஞ்சிய சிலர் மலைப்பள்ளத்தாக்குகளில் பல்லாண்டு மறைந்து வாழ்ந்தனர். அவர்களுள் கடைசியாக எஞ்சிய ஒருவர் 1911 ஆகஸ்டு இறுதியில் ஓரோவில் என்னும் ஊரருகே தனித்து வெளிப்பட்டார். தம் பெயரை அவர் எவரிடமும் கூறவில்லை. 'மனிதன்' என்னும் பொருளுடைய 'இஷி' என்ற யாஹிச் சொல்லையே மானிடவியலார் ஆல்பிரட் குரோபர் அவருக்குப் பெயராக வழங்கினார்.

அவரிடம் பேச முயன்றவர்களுள் ஒருவர் தாமஸ் வாட்டர்மன். பிற யானாக் கிளைமொழிகளிலிருந்து தொகுக்கப்பட்ட சொற்பட்டியலொன்றை அவர் உரக்கப் படித்துச் சென்றார். நெடுநேரம் பயன் விளையவில்லை. மஞ்சள் பைன் மரத்தைக் குறிக்கும் 'சிவினி' என்ற சொல்லைப் படித்து, தாம் அமர்ந்திருந்த கட்டிலின் மரச்சட்டத்தைத் தட்டிக் காட்டியபோதுதான் இஷியின் முகம் மலர்ந்தது. மொழியியலார் பலரும் அறிந்த இந்நிகழ்ச்சி நம் ஆய்வுக்கும் தொடர்புடையது. பட்டியலில் கிடந்த சொல், பொருளைத் தொட்ட கணத்தில் மொழியாயிற்று. போப் பெற்ற பயிற்சி முழுவதும் இவ்வகையில் அமைந்ததே.

இஷி சான்பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் 1916 மார்ச்சு 25இல் காசநோயால் இறக்கும்வரை வாழ்ந்தார். அருங்காட்சியகத்தை அடுத்திருந்த மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவம் கற்பித்தவர் போப். 1912 முதல் இருவரிடையே நட்பு வளர்ந்தது. இஷியிடம் வில் செய்யவும் அம்பு செய்யவும் எய்யவும் வேட்டையாடவும் போப் கற்றார். இதன் பயனாக இரு நூல்கள் தோன்றின. ஒன்று, 1918இல் பல்கலைக்கழக வெளியீடாக வந்த யாஹி வில்வித்தை பற்றிய ஆய்வுரை. மற்றொன்று, பொது வாசகர்க்கான 1923ஆம் ஆண்டு நூல். ஆங்கில வில்வேட்டை இலக்கியத்தில் பின்னது பெற்றுள்ள இடம் பெரிது. 1961இல் அமெரிக்காவில் நிறுவப்பட்ட வில்வேட்டையாளர் அமைப்பொன்று போப்பின் பெயரையும் அவருடைய வேட்டைத் தோழர் ஆர்தர் யங்கின் பெயரையும் தாங்கியுள்ளது.

3. அளக்கக்கூடியதும் அளக்க இயலாததும்

கருவிகளைப் பற்றி எழுதும்போது போப்பின் நடை அறுவை மருத்துவரின் நடையாகவே உள்ளது. இஷியின் வில் ஜூனிபர் மரத்தால் ஆனது. ஏறத்தாழ 42 அங்குல நீளமுடையது. அதன் புறத்தே மானின் தசைநார் ஒட்டப்பட்டது. அதை இழுக்க வேண்டிய விசை ஏறத்தாழ 45 பவுண்டு. நாணும் மானின் தசைநாரைத் திரித்துச் செய்யப்பட்டதே. அம்பு முனைக்கான எரிமலைக் கண்ணாடிக் கல்லைச் செதில் செதிலாகப் பெயர்க்கும் கருவியும் மான்கொம்பே. மானை வேட்டையாடும் கருவி மானின் உடலிலிருந்தே பிறக்கிறது என்னும் வட்டத்தை இவ்விவரங்களிலிருந்து நாமே உணர்ந்துகொள்கிறோம். இப்பகுதிகளை மொழிபெயர்ப்பதில் பெரும் இடர்ப்பாடு இல்லை. மரப்பெயர்களுக்கும் அளவைகளுக்கும் உரிய சொற்களைத் தேர்ந்தால் போதும்.

எய்யும் முறையை விளக்கும் இடத்திலும் துணை உண்டு. அம்பை விடுவிக்கும் விரல்நிலைகளை எட்வர்ட் மோர்ஸ் 1885இலேயே ஐந்து வகைகளாகப் பகுத்திருந்தார். இஷி பெருவிரலால் நாணை இழுத்தார். இதை மங்கோலிய முறையின் ஒரு வேறுபாடாகப் போப் வகைப்படுத்துகிறார். முன்னரே ஒரு கலைச்சொல் தொகுதி இருந்தமையால் கையின் செயல் எளிதில் எழுத்தாயிற்று.

வேட்டைக்குள் புகும்போது இவ்வெளிமை மறைகிறது. இஷி கற்பிப்பதாகக் காட்டிக்கொள்ளாமலேயே தமக்கு ஆசிரியராக இருந்தார் என்று போப் எழுதுகிறார். இஷி அறிந்திருந்த ஆங்கிலம் சில நூறு சொற்களுக்கு மிகாது. போப் அறிந்த யாஹி அதனினும் குறைவு. எனவே விளக்கவுரை இல்லை. உடன் செல்லுதலே பாடம். காலடி ஓசையின்றி வைத்தல், புதரை விலக்கும் விதம், முயல் புகுந்த செடியை விட்டு அகலாமல் காத்திருக்கும் பொறுமை ஆகியவற்றைப் போப் கண்டு எழுதுகிறார். ஆனால் காலை எவ்வாறு வைத்தால் ஓசை எழாது என்பது நூலில் இல்லை. அவ்விடத்தில் வினைச்சொற்கள் குறைந்து உவமைகள் பெருகுகின்றன. இது ஆசிரியரின் திறமைக்குறைவு மட்டுமன்று. அளவையும் வகைப்பாடும் அற்ற செயலை, அதைச் செய்பவரிடமிருந்து சொல்லாகப் பெறாமல், கண்ணால் மட்டும் பெற்றவர் வேறெவ்வாறு எழுத இயலும்? உவமை மிகும் இடங்களை நடையழகு என்று கொள்வதைவிடக் கலைச்சொல் இல்லாமையின் அடையாளமாகக் கொள்வதே திறனாய்வாளர்க்குப் பயன்தரும்.

இன்னொரு செய்தியும் கருதத்தக்கது. வண்ண வளையங்கள் தீட்டிய பெரிய இலக்குப் பலகையை நோக்கி எய்யும்போது இஷியின் கவனம் சிதறியது. ஆங்கில முறைப் போட்டிகளின் அளவுகோலால் அவர் சிறந்த வில்லாளர் அல்லர். ஆனால் காட்டில் குறுந்தொலைவில் சிறு விலங்குகளை எய்வதில் வல்லவர். பயிற்சிக்களத்துத் திறன் வேறு, காட்டு அனுபவம் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை. எய்தல் என்னும் ஒரே வினை இவ்விரு சூழல்களிலும் வழங்கினாலும் அது குறிக்கும் செயல் ஒன்றன்று.

4. மான் வீழாத மான்வேட்டை

நூலின் மையமாக நான் கருதுவது ஒரு சிறு பகுதி. இஷி தம்மைப் பலமுறை மான்வேட்டைக்கு அழைத்துச் சென்றதாகவும், சிலமுறை எய்யும் வாய்ப்பும் கிட்டியதாகவும், ஆனால் தொலைவு, நிலச்சரிவு, இடையில் நின்ற மரங்கள் ஆகியவற்றால் ஒரு மானும் வீழவில்லை என்றும் போப் ஒப்புக்கொள்கிறார். கற்றுக்குட்டியாகிய தம்முடைய இருப்பும் வெள்ளையருக்கே உரிய நேரமின்மையும் இஷிக்குத் தடையாக இருந்தன என்றும் காரணம் கூறுகிறார். யாஹி முறையில் மான்வேட்டையை விளக்கும் அதிகாரத்தில் மான் வீழ்வதை நாம் நேரில் காண்பதில்லை.

இத்தகைய பகுதியை வேறு எழுத்தாளர் எவரேனும் மறைத்திருக்கக்கூடும். போப் மறைக்கவில்லை, ஆயினும் விரைந்து கடந்துவிடுகிறார். அவர் கடந்து செல்லும் இடத்தில் நாம் நிற்க வேண்டும். இஷியின் மான்வேட்டை முறைகளாக நூல் தருவன இவை: வேட்டைக்குமுன் புகைபிடித்தலையும் மீன் உண்பதையும் விலக்குதல், விடியலில் எழுந்து ஓடையில் நீராடுதல், மணமுள்ள இலைகளை உடலில் தேய்த்து மனித வாடையை நீக்குதல், வேட்டை முடியும்வரை உண்ணாதிருத்தல், பாடஞ்செய்த மான் தலையைத் தம் தலைமீது அணிந்து புதர் மறைவில் அசைத்து, விலங்கின் ஆவலைத் தூண்டி அருகே வரவழைத்தல், மடித்த இலையை உதடுகளுக்கிடையே வைத்து உறிஞ்சி மான்குட்டியின் குரலை எழுப்புதல். இவற்றுள் ஒன்றேனும் அம்பு எய்யும் திறனைப் பற்றியதன்று. எல்லாம் விலங்குக்கும் வேடனுக்கும் இடையேயுள்ள தொலைவைக் குறைக்கும் செயல்களே.

இதற்குரிய காரணம் வில்லின் இயல்பில் உள்ளது. அம்பு துப்பாக்கிக் குண்டைப்போல மோதி வீழ்த்துவதன்று. அதன் கூர்முனை குருதிக்குழாய்களை அறுத்து, குருதிப்போக்கால் விலங்கைக் கொல்கிறது. பட்ட மான் சிறிது தொலைவு ஓடியே விழும். உடனே துரத்தினால் அது நெடுந்தொலைவு ஓடிப் புதரில் மறைந்து இறக்கும், வேடனுக்கும் கிட்டாது. ஆகவே எய்தபின் காத்திருத்தல், குருதித் தடத்தையும் குளம்புச் சுவட்டையும் பார்த்துத் தொடர்தல் ஆகியவை வில்வேட்டையின் இன்றியமையாப் பகுதிகள். தொலைவைத் தவறாக மதிப்பிடுதல், பொருந்தாக் கோணத்தில் எய்தல், பொறுமையின்றித் துரத்தல் ஆகிய பிழைகளுக்குக் கற்பவன் விலை கொடுப்பதில்லை. காயத்தோடு ஓடும் விலங்கே கொடுக்கிறது. அனுபவம் என்னும் சொல்லுக்கு இத்தொழிலில் இருக்கும் கனம் இதுவே. எய்யாமல் விடத் தெரிந்தபின்பே ஒருவன் வேடன் ஆகிறான். இஷியுடன் சென்று மானின்றித் திரும்பிய நாட்களில் போப் கற்றது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

பின்னாளில் தோழர்களுடன் மான்களை வீழ்த்தியபோது போப் ஏந்தியது இஷியின் குறுவில் அன்று. யூ மரத்தாலான ஆங்கில நெடுவில். அம்பு முனை எஃகு. நாணை இழுத்தது பெருவிரலாலன்று, மூன்று விரல்களால். இஷியிடமிருந்து அவர் கைக்கொண்டது கருவியையோ விரல்நிலையையோ அன்று. எஞ்சியது கவனமும் பொறுமையும் அடங்கிய ஒரு நடத்தை முறை. அளந்து எழுதப்பட்டவை அனைத்தும் கைவிடப்பட்டன. எழுத இயலாது போனது நிலைத்தது. நூலின் இம்முரணைப் போப் எங்கும் சுட்டவில்லை. ஆனால் நூலின் இலக்கண அமைப்பு அதைச் சுட்டுகிறது.

இஷியைப் பற்றிய அதிகாரங்களில் பெரும்பாலும் வழக்கத்தைக் குறிக்கும் இறந்தகால அமைப்பே வருகிறது. போப்பின் சொந்த வேட்டைகளைக் கூறும் அதிகாரங்களில் ஒருமுறை நிகழ்ந்ததைக் குறிக்கும் எளிய இறந்தகாலம் வருகிறது. ஆசிரியரின் செயல்கள் நாளும் இடமும் அற்றவை. மாணவரின் செயல்கள் நாளும் இடமும் உடையவை. இவ்வேறுபாட்டைத் தமிழில் காட்டுவது அரிதன்று. எதிர்கால வடிவம் எனப்படும் 'செய்வார்' என்னும் வாய்பாடே தமிழில் கடந்தகால வழக்கத்தையும் குறிக்கிறது. வளை வாயிலில் ஒரு மணிநேரமாயினும் 'காத்திருப்பார்' என்பதற்கும் 'காத்திருந்தார்' என்பதற்கும் உள்ள வேறுபாடு, ஒரு வாழ்க்கை முறைக்கும் ஒரு நிகழ்ச்சிக்கும் உள்ள வேறுபாடு. எல்லாவற்றையும் 'இருந்தார்' என்று பெயர்த்துச் செல்லும் மொழிபெயர்ப்பு நூலின் உள்ளமைப்பையே அழித்துவிடும்.

இதைவிட நுண்ணியது, கண்டதையும் கேட்டதையும் பிரித்துக் காட்டும் சிக்கல். மான் தலையணிந்த வேட்டையைப் போல நூலில் உள்ள பல செய்திகளில் இஷி செய்து காட்டியது எவ்வளவு, வாய்மொழியாகச் சொன்னது எவ்வளவு என்பது ஆங்கில வாக்கியத்தில் தெளிவாவதில்லை. கரடி வேட்டை பற்றிய பகுதி முழுவதும் இஷி சொல்லக் கேட்டதே. தமிழில் 'தீ மூட்டுவார்களாம்' என ஓர் 'ஆம்' சேர்த்தால் போதும். கேட்ட செய்தி என்பது விளங்கிவிடும். மூலத்தில் இல்லாத தெளிவை மொழிபெயர்ப்பில் சேர்க்கலாமா என்னும் வினா இங்கு எழும். எது கேள்வி என்று மூலமே பிற இடங்களில் உறுதிப்படுத்துமாயின், சேர்ப்பதே நேர்மை என்பது என் கருத்து. யானாக் கதைகளிலும் 'என்பர்' என்னும் பொருள்தரும் ஓர் உறுப்பு வினையோடு சேர்ந்து வருவதை எண்ணினால், இஷியின் கூற்றுக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழ் நெருங்கி நிற்கும் இடம் இது எனலாம்.

5. கலைச்சொற்கள்: சில எடுத்துக்காட்டுகள்

ஆங்கில மான்வேட்டைச் சொற்கள் எளிய அன்றாடச் சொற்களைப் போலத் தோன்றி மொழிபெயர்ப்பாளரை வழிதவறச் செய்வன. 'ஸ்டில் ஹண்டிங்' என்பது அவற்றுள் முதன்மையானது. வான் டைக் 1882இல் வெளியிட்ட மான்வேட்டை நூலின் பெயரிலேயே இச்சொல் இடம்பெற்றுள்ளது. அசையாமல் ஓரிடத்தில் நின்று வேட்டையாடுதல் என்று இதைக் கொண்டால் பொருள் தலைகீழாகிவிடும். சில அடிகள் மெல்ல நடந்து, நின்று, நெடுநேரம் நோக்கி, மீண்டும் நடக்கும் முறையையே இது குறிக்கிறது. 'ஸ்டில்' என்பது அசைவின்மையை அன்று, ஓசையின்மையைச் சுட்டுகிறது. 'அரவமின்றித் தேடிச் செல்லும் வேட்டை' எனலாம். மான் வரும் வழியில் உயரத்தில் காத்திருக்கும் முறைக்குத் தமிழில் ஆயத்தமாகவே சொல் உண்டு. தினைப்புனக் காவலுக்கும் வேட்டைக்கும் பொதுவான 'பரண்' என்பது இன்றைய அமெரிக்க வில்வேட்டையாளர் மரத்தில் கட்டும் மேடைக்கு முற்றிலும் பொருந்தும்.

இரண்டாவது, 'விண்ட்' என்பது வினையாக வருமிடம். காற்று வழியே வேடனின் மணத்தை மான் அறிந்துகொண்டது என்பதை ஆங்கில வேடர் இவ்வொரு சொல்லால் கூறுவர். 'மான் வாடை பிடித்துவிட்டது' என்பது நேரான தமிழ். வாடை என்னும் வடிவம் தமிழில் வடகாற்றையும் குறிக்கும், மணத்தையும் குறிக்கும். இரண்டும் பிறப்பால் ஒரே சொல்லா என்பது வேறு வினா. ஆயினும் காற்றும் மணமும் பிரிக்க இயலாத வேட்டைச் சூழலில் இத்தற்செயல் ஒற்றுமை மொழிபெயர்ப்பாளர்க்குக் கிடைத்த கொடை.

மூன்றாவது, வில்லை ஆயத்தம் செய்வதும் எய்வதற்காக இழுப்பதும். இவ்விரண்டையும் 'வில்லை வளைத்தல்' என்று பெயர்த்தால் குழப்பமே மிஞ்சும். முன்னதற்கு 'நாணேற்றுதல்' என்னும் துல்லியமான சொல் நம்மிடம் உண்டு. பின்னதற்கு 'நாணை இழுத்தல்' போதும். மரவில்லை எப்போதும் நாணேற்றியே வைத்திருந்தால் அதன் விசை குன்றும். எனவே எப்போது நாணேற்றுவது என்பதே வேடனின் முடிவுகளுள் ஒன்று. சொல் மயங்கினால் அம்முடிவு வாசகரின் கண்ணுக்குத் தெரியாமற் போகும். நாண் பொருந்துவதற்காக வில்லின் நுனியில் இடப்படும் வெட்டுக்குக் 'குதை' என்னும் சொல் அகராதிகளில் உள்ளது. இன்றைய வாசகர் அதை அறியார். முதல் வருகையில் 'நாண் பொருந்தும் வெட்டு' என விளக்கிவிட்டுப் பின்னர் குதை எனத் தொடர்வதே நலம்.

நான்காவது, மானின் பெயர்கள். தொல்காப்பிய மரபியல் ஆண், பெண், இளமைப் பெயர்களை விலங்குவாரியாக வரையறுக்கிறது. ஆண்மானுக்குக் கலை, பெண்மானுக்குப் பிணை என்பன இன்றும் பயன்படுத்தத் தக்கவை. ஆனால் 'இரலை' என்பதை எல்லா ஆண்மானுக்கும் பொதுவாக வழங்கும் பழக்கம் இங்கு இடர் விளைவிக்கும். சங்க நூல்கள் முறுக்கிய கொம்போடு காட்டும் இரலை இந்தியச் சமவெளியின் புல்வாய்; அதன் கொம்பு உதிர்வதில்லை. போப்பும் இஷியும் தேடிச் சென்ற கலிபோர்னியக் கருவால் மான் ஆண்டுதோறும் கொம்பை உதிர்த்து மீண்டும் வளர்ப்பது. இஷியின் கல்செதுக்கும் கருவி அத்தகைய கொம்பே. கலை என்றால் பொருந்தும். இரலை என்றால் வேறு விலங்கு வந்து நிற்கும்.

இறுதியாக, 'பக் ஃபீவர்' என்னும் தொடர். கலைமான் கண்ணெதிரே வந்து நிற்கும்போது புதிய வேடனின் உடல் நடுங்கி, மூச்சு முட்டி, எய்ய இயலாது போகும் நிலை இது. 'காய்ச்சல்' என்னும் சொல்லை இதில் நுழைப்பது பயனற்றது. 'மானைக் கண்டதும் கை பதறுதல்' என விரித்தே சொல்ல வேண்டும். அனுபவத்தைப் பெறுவது என்பதன் பெரும்பகுதி இப்பதற்றத்தைக் கடப்பதே. அதற்கு ஒரு மொழியில் தனிச்சொல் இருப்பதும் வேறொரு மொழியில் இல்லாதிருப்பதும் திறமையைப் பற்றிய செய்தியன்று. யார் தம் முதல் வேட்டையைப் பிறரிடம் கதையாகச் சொல்லிப் பழகியவர்கள் என்பதைப் பற்றிய செய்தி அது.

6. அதே மனிதர், இன்னொரு பதிவு

இஷி போப்புக்கு வில்வித்தை கற்பித்த அதே ஆண்டுகளில் இன்னொரு பதிவும் நிகழ்ந்தது. 1915 கோடையில் மொழியியலார் எட்வர்ட் சபீர் பல வாரங்கள் இஷியுடன் அமர்ந்து கதைகளை அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். நோயுற்றிருந்த இஷியின் கடைசிக் கோடை அது. சபீர் தம் வாழ்நாளில் அக்குறிப்பேடுகளை வெளியிடவில்லை. 1980களில் தொடங்கிய மொழிபெயர்ப்புத் திட்டத்தின் பயனாக, அவற்றுள் பல்லியைப் பற்றிய கதை ஹெர்பர்ட் லூதின், லியன் ஹின்டன் ஆகியோரின் ஆங்கில ஆக்கமாக 2002இல் வெளிவந்தது.

அக்கதையில் அம்பு செய்யும் செயல் மீண்டும் மீண்டும் வருகிறது. கதையின் ஓட்டத்துக்கு அது தேவையா என்று வினவும் வாசகர் இருக்கலாம். போப்பின் நூலைப் படித்தவர் அவ்வாறு வினவார். போப் அங்குலக் கணக்கில் எழுதிய அதே தொழில் இங்கு வினைகளின் வரிசையாக, தாளம் பெற்று நிற்கிறது. போப்பின் நூலில் இஷியின் கை உள்ளது, குரல் இல்லை. சபீரின் குறிப்பேட்டில் குரல் உள்ளது, கை இல்லை. ஒன்றை மற்றொன்றின் உரையாகக் கொண்டு படிக்கும்போதுதான் ஒரு மனிதரின் தொழிலறிவு ஓரளவேனும் முழுமை பெறுகிறது. அவர் வாழ்ந்த காலத்திலேயே மருத்துவரும் மொழியியலாரும் ஒரே மேசையில் அமர்ந்து, எய்யும்போது என்ன சொல்வீர், தடம் தொடரும்போது எந்த வினை வரும் என்று வினவியிருந்தால், உவமைகளால் நிரப்பப்பட்ட இடங்கள் பல சொற்களால் நிரம்பியிருக்கும். துறைகளின் எல்லை அதைத் தடுத்துவிட்டது.

சபீரின் இம்முறை நம் நாட்டுக்கும் வந்தது. யேலில் அவரிடம் பயின்ற எம்.பி. எமனோ 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி, நீலகிரியின் தோடா, கோத்தா மொழிகளையும் குடகு, கோலாமி மொழிகளையும் ஆராய்ந்தார். கதைகளையும் பாடல்களையும் சொல்லச் சொல்ல எழுதும் முறையையே அவரும் கைக்கொண்டார். அவரும் பர்ரோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (1961, இரண்டாம் பதிப்பு 1984) 'வில்' என்னும் சொல் தமிழ் முதல் பிராகுயி வரை பரவியிருப்பதைக் காட்டுகிறது. எல்லா வடிவங்களுக்கும் பொருள் ஒன்றே. ஆனால் தோடரிடையே வில் வேட்டைக் கருவியன்று. கருவுற்ற மனைவிக்குக் கணவன் சிறு வில்லும் அம்பும் அளித்துப் பிறக்கவிருக்கும் குழந்தைக்குத் தந்தை தானே என்பதை நிறுவும் சடங்குப் பொருள் அது. ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதியுள்ளார். காட்டில் மானை நோக்கி ஏந்தும் வில்லும், தந்தைமையை அறிவிக்க அளிக்கும் வில்லும் அகராதியில் ஒரே சொல்லால் விளக்கம் பெறுகின்றன. ஒப்பியல் அகராதிக்கு அது போதும். மொழிபெயர்ப்பாளர்க்கு அது தொடக்கம் மட்டுமே.

7. முடிவுரை

போப்பின் நூல் குறைகள் அற்றதன்று. இஷியை 'ஆதி மனிதன்' என்னும் கண்கொண்டு நோக்கும் அக்காலப் பார்வை அதில் பரவிக் கிடக்கிறது. விலங்கின் துன்பத்தைவிட வேட்டையின் களிப்பே பல இடங்களில் முந்துகிறது. ஆயினும் ஆசிரியரோடு சென்று வெறுங்கையோடு திரும்பியதை எழுதிவைத்த நேர்மையால் அது அனுபவம் உருவாகும் முறைக்கான அரிய சான்றாகிறது.

இந்தியச் சூழலில் இச்சான்றுக்கு உடனடிப் பயன் உண்டு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் வேட்டையை ஏறத்தாழ முழுமையாகத் தடைசெய்துள்ளன. விலங்குகள் குறைந்துவிட்ட நிலையில் அத்தடை தேவையானதே. அதன் விளைவாக, வேட்டையை வாழ்வாகக் கொண்டிருந்த குடிகளின் மொழிகளில் அத்தொழில் சார்ந்த சொற்கள் இனி நினைவில் மட்டுமே வாழும். அவற்றைச் செயலோடு சேர்த்துக் கேட்கும் வாய்ப்பு மொழியியலார்க்கு இல்லை. எஞ்சியிருக்கும் முதியோர் கூறுவனவே ஆவணம். அவர்களிடம் 'வில்லுக்கு உங்கள் மொழியில் என்ன?' என்று மட்டும் கேட்டுத் திரும்பினால், வாட்டர்மன் கட்டிலைத் தட்டுவதற்கு முன்னிருந்த நிலையிலேயே நாம் இருப்போம்.

பெயர்களைவிட வினைகளைக் கேட்க வேண்டும். எய்வதற்கு முன்னும் பின்னும் என்ன செய்வீர்கள் என்று வரிசையாகக் கேட்க வேண்டும். பழைய வில்லோ நாணோ வீட்டில் இருப்பின் அதைக் கையில் கொடுத்துப் பேசச் சொல்ல வேண்டும். கை நினைவுகொள்ளும் சொல்லை வாய் தனித்து நினைவுகொள்வதில்லை. கண்டதையும் கேட்டதையும் பிரித்துக் குறிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வீழ்த்திய விலங்கைப் பற்றி மட்டுமன்றி, தப்பிச் சென்ற விலங்கைப் பற்றியும் கேட்க வேண்டும். ஒரு தொழிலின் நுண்ணிய சொற்கள் தோல்வியை விளக்கும்போதுதான் தேவைப்படுகின்றன: காற்று எப்படித் திரும்பியது, சருகு எங்கே நொறுங்கியது, கை எப்போது பதறியது. அச்சொற்களை இன்று பதிவுசெய்யாவிடின், நாளை அம்மொழிகளை ஆராய்வோரும் போப்பைப் போல உவமைகளையே நாட நேரும்.